ஏ.டி.எம். கார்டு மோசடியில் பணம் போனால் செய்ய வேண்டியவை: ஈரோட்டில் அலைந்து கற்றது

அப்பாவுக்கு அரச்சலூர் பக்கம் இரண்டு ஏக்கர் மஞ்சள். 2024 மே 10, வெள்ளிக்கிழமை, மஞ்சள் விற்ற பணத்தில் கொஞ்சம் எடுப்பதற்காக ஈரோடு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏ.டி.எம்.முக்குப் போனார். அன்றைக்கு அட்சய திருதியை, வரிசை நீளமாக இருந்தது. அவர் தடுமாறுவதைப் பார்த்துப் பின்னால் நின்ற ஓர் இளைஞன் கார்டை வாங்கிச் செருகி, "பின் நம்பர் போடுங்க" என்றான். அப்பா போட்டார். "மெசின்ல பணம் இல்லீங்க" என்று கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவன் போய்விட்டான். அப்பா கையில் வந்தது அதே வங்கியின், அதே நிறத்தில் இருந்த, யாருடையதோ ஒரு காலாவதியான கார்டு. நான் திருப்பூரிலிருந்து போன் போட்டுக் கேட்டபோதும், "ஒரு தம்பி நல்லா ஒத்தாசை பண்ணுச்சு கண்ணு" என்றுதான் சொன்னார்.

அதற்குள் 49,400 ரூபாய் போயிருந்தது. ஏ.டி.எம்.மில் 10,000 வீதம் இரண்டு முறை. ஏ.டி.எம். வழியாகவே வேறொரு கணக்குக்கு 15,000. பின் போடாமல் கடைகளில் கார்டைத் தட்டியே 4,800, 4,700, 4,900.

ஏழு மாதம் அலைந்து 25,700 ரூபாய் திரும்ப வாங்கினோம். எந்தக் காகிதத்தை எந்தத் தேதிக்குள் எங்கே கொடுக்க வேண்டும் என்று முதல் நாளே தெரிந்திருந்தால் அலைச்சல் பாதியாகியிருக்கும். அதனால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதல் வேலை, கார்டை நிறுத்துவது

வேறு யாரிடமும் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். வங்கியின் செயலி போனில் இருந்தால் அதிலேயே கார்டை முடக்கலாம். இல்லையென்றால் வாடிக்கையாளர் சேவை எண். அந்த எண் கார்டின் பின்பக்கத்தில் இருக்கும். கார்டே கையில் இல்லாதபோது என்ன செய்வீர்கள்? இன்றைக்கே அதைப் பாஸ்புக்கின் முதல் பக்கத்திலும் வீட்டில் இரண்டு பேர் போனிலும் எழுதி வையுங்கள். அவசரத்தில் இணையத்தில் தேடி எடுக்கும் எண் மோசடிக்காரர்களுடையதாக இருக்கலாம். எடுத்துப் பேசுபவர் ஒரு செயலியை இறக்கச் சொன்னாலோ ஓ.டி.பி. கேட்டாலோ உடனே துண்டித்துவிடுங்கள்.

பணம் போனதாக என் போனுக்கு வந்த வங்கிக் குறுஞ்செய்திகளை நான் பார்த்தது 12:06-க்கு. வேலையிடத்து நிட்டிங் இயந்திரங்களின் சத்தத்தில் அதற்கு முன் வந்தது எதுவும் காதில் விழவில்லை. வங்கிக்கு அழைத்தது 12:08. "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" எல்லாம் தாண்டிக் கார்டு முடங்கியபோது 12:22. இடையில் 12:15-க்கு 4,900 ரூபாய் போனது. அந்த 14 நிமிடம் பின்னால் எங்களுக்குப் பெரிய ஆதாரமாக நின்றது. நாம் தகவல் சொன்ன பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

ஆகவே போனின் அழைப்புப் பட்டியலை, நேரம் தெரியும்படி, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதுங்கள். வந்த குறுஞ்செய்திகளில் ஒன்றைக்கூட அழிக்காதீர்கள்.

மாற்றிக் கொடுக்கப்பட்ட கார்டு உங்கள் கையில் இருந்தால் அதை வெட்டிப் போட்டுவிடாதீர்கள். அது சாட்சி. ஒரு காகித உறையில் போட்டு வைத்துக் காவல் நிலையத்தில் கொடுங்கள்.

2. 1930

கார்டு முடங்கியதும் அடுத்த அழைப்பு இதற்குத்தான். இணைய நிதி மோசடிக்கான தேசிய உதவி எண். பெயர், வங்கி, கணக்கு எண், ஒவ்வொரு பரிவர்த்தனையின் எண், நேரம், தொகை எல்லாம் கேட்பார்கள். ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். லைன் கிடைக்கவில்லை என்றால் விடாமல் முயலுங்கள், அல்லது சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் நேராகப் பதியுங்கள். போனில் சொன்னாலும் தளத்தில் முழுப் புகாரை அன்றைக்கே முடித்துவிட வேண்டும்.

ரொக்கமாக எடுத்த பணத்தை இவர்களால் பிடிக்க முடியாது. வேறு கணக்குக்குப் போன பணத்தை, அங்கிருந்து எடுப்பதற்குள் சொன்னால், நிறுத்தி வைக்க முடியும். எங்களுடைய 15,000-இல் 11,300 இப்படித்தான் நின்றது. மீதி 3,700-ஐ அதற்குள் எடுத்துவிட்டார்கள். நாங்கள் அழைத்தது 12:40-க்கு.

3. வங்கிக் கிளையில் எழுத்துப் புகார்: மூன்று வேலை நாள் கணக்கு

இதைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். "போன்ல சொல்லியாச்சே" என்று இருந்துவிடாதீர்கள்.

எங்களுக்கு நடந்த 2024-இல் நடப்பில் இருந்தது 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, அதுவே கையில் இருக்க வேண்டிய முதல் காகிதமாக இருந்தது. அதன்படி, தவறு வங்கியுடையதாக இருந்தால் நமக்கு இழப்பு இல்லை. தவறு வங்கி மீதும் இல்லை, நம் மீதும் இல்லை, மூன்றாவது ஆளால் நடந்தது என்றால், பணம் போனதாக வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்குப் பொறுப்பு பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் சொன்னால், சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நம் தலையில் விழும். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் 5,000 வரை. ஏழு நாளைத் தாண்டினால் அந்த வங்கி வகுத்து வைத்திருக்கும் கொள்கைதான்.

தகவல் வந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. உங்கள் கிளையின் வேலை நாள்தான் கணக்கு. எங்களுக்கு நடந்தது வெள்ளிக்கிழமை. மறுநாள் இரண்டாம் சனி, அடுத்தது ஞாயிறு. ஆகவே திங்கள், செவ்வாய், புதன், அதாவது மே 13, 14, 15. நாங்கள் 13-ஆம் தேதி காலை பத்து மணிக்கே கிளை வாசலில் நின்றோம்.

கொண்டுபோக வேண்டியவை: கைப்பட எழுதிய புகார் இரண்டு பிரதி, பாஸ்புக், ஆதார் நகல், அந்த நாளின் கணக்கு அறிக்கை, குறுஞ்செய்திகளின் அச்சு, அழைப்புப் பட்டியலின் அச்சு, 1930 ஒப்புகை எண். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்து வேண்டும், முடிந்தால் அவரே வர வேண்டும்.

புகாரில் கதை எழுதாதீர்கள். ஒவ்வொரு பரிவர்த்தனையையும் நேரம், தொகையோடு வரிசையாக எழுதுங்கள். பிறகு இந்த நான்கு வரிகளையும் சேருங்கள்:

"மேற்கண்ட பரிவர்த்தனைகளை நான் செய்யவில்லை, யாரையும் செய்யச் சொல்லவும் இல்லை. இன்ன நேரத்தில் உங்கள் சேவை எண்ணுக்குத் தகவல் கொடுத்தேன், புகார் எண் இன்னது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 10 வேலை நாளுக்குள் தற்காலிகமாகத் தொகையை என் கணக்கில் வரவு வைக்கவும். சம்பந்தப்பட்ட ஏ.டி.எம். கேமரா பதிவையும் இயந்திரப் பதிவையும் அழியாமல் பாதுகாக்கவும்."

கேமரா வரியை முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பழைய பதிவுகள் தானாக அழிந்துவிடும். அந்த ஏ.டி.எம். வேறு வங்கியுடையதாக இருந்தாலும் உங்கள் வங்கியிடம்தான் கேட்க வேண்டும்.

இரண்டாம் பிரதியில் தேதி முத்திரையும் கையெழுத்தும் வாங்காமல் கிளையை விட்டு வராதீர்கள். தரமாட்டேன் என்றால் சண்டை வேண்டாம். அன்றைக்கே அதே கடிதத்தைக் கிளையின் மின்னஞ்சலுக்கும் வங்கியின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் அனுப்பி, ஒரு பிரதியை ஸ்பீடு போஸ்டில் போட்டு ரசீதை வையுங்கள்.

ஒரு கண்ணி: வங்கி தரும் படிவத்தில் "பின் எண்ணை யாரிடமாவது பகிர்ந்தீர்களா?" என்று ஒரு கேள்வி இருக்கும். எங்களிடம் "ஆமான்னு போடுங்க, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றார்கள். அப்படிப் போட்டிருந்தால் எல்லாமே அங்கேயே முடிந்திருக்கும். வாடிக்கையாளர் பகிர்ந்திருந்தால், தகவல் சொல்லும் வரையான இழப்பு முழுவதும் அவருடையது. அப்பா யாரிடமும் எண்ணைச் சொல்லவில்லை, அவரே அழுத்தினார், பக்கத்தில் நின்றவன் பார்த்திருக்கிறான். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பொய்யும் வேண்டாம், அவசரத்தில் ஒப்புக்கொள்ளலும் வேண்டாம்.

4. காவல் நிலையம்

ஏ.டி.எம். எந்த நிலையத்தின் எல்லையில் இருக்கிறதோ அங்கே, அல்லது மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் கொடுக்கலாம். கோவையிலும் திருப்பூரிலும் மாநகரக் காவல் வேறு, மாவட்டக் காவல் வேறு. அவிநாசி ஏ.டி.எம்.மில் நடந்ததற்குத் திருப்பூர் நகருக்குள் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். முதலில் எல்லையைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். எங்கே கொடுத்தாலும் வழக்கைப் பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்ற 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வழி இருக்கிறது.

குறைந்தது சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் ஒப்புகை, வாங்குங்கள். செலவு கிடையாது. பிற்பாடு வங்கியும் நீதிமன்றமும் இதைக் கேட்கும்.

5. "பின் போட்டுத்தானுங்க எடுத்திருக்காங்க"

ஜூன் 6-ஆம் தேதி வங்கியிலிருந்து பதில் வந்தது. எல்லாப் பரிவர்த்தனையும் சிப் கார்டில் முறையாக நடந்தவை, வாடிக்கையாளரின் கவனக்குறைவு, புகார் முடிக்கப்பட்டது. நேரில் கேட்டபோதும் அதே பேச்சு. நிறையப் பேர் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். இங்கே சிப் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் புரிந்துகொண்டால் அடுத்த கடிதத்தைச் சரியாக எழுதலாம்.

கார்டின் பின்னால் உள்ள கருப்புக் காந்தப் பட்டையில் இருப்பது எப்போதும் மாறாத தகவல். அதை ஒரு முறை நகல் எடுத்தால் போலிக் கார்டு தயார். சிப் அப்படி இல்லை. உள்ளே ஒரு ரகசியச் சாவி இருக்கிறது, அது வெளியே வராது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அதைக் கொண்டு ஒரு புதிய குறியீட்டை உருவாக்கித் தரும். நேற்றைய குறியீடு இன்றைக்குச் செல்லாது. இதனால்தான் 2018 டிசம்பர் 31-க்குள் பட்டை மட்டும் உள்ள கார்டுகளை எல்லாம் சிப் கார்டாக மாற்ற ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நகல் எடுப்பது கடினமாகிவிட்டதால் திருடுபவர்கள் கார்டையே கைமாற்றுகிறார்கள். அவர்கள் கையில் இருப்பதும் நம்முடைய அசல் கார்டே என்பதால் சிப் அவர்களுக்கும் சரியாகத்தான் பதில் சொல்லும். சிப் சரியாக வேலை செய்தது என்பதால் கார்டின் சொந்தக்காரர்தான் எடுத்தார் என்றோ கவனக்குறைவாக இருந்தார் என்றோ ஆகிவிடாது. வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்க வேண்டியது வங்கி என்று அதே 2017 சுற்றறிக்கை சொல்கிறது.

ஆகவே மொத்தமாக "பணம் வேண்டும்" என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு பரிவர்த்தனையையும் தனித்தனியாகப் பிரித்து, அது எந்த முறையில் நடந்தது என்று கேளுங்கள். வங்கியின் பதிவில் அதற்கு ஒரு எண் இருக்கும்: 05 என்றால் சிப்பைச் செருகியது, 07 என்றால் தட்டியது, 90 என்றால் காந்தப் பட்டையைத் தேய்த்தது. 90 என்று வந்தால் உங்கள் கார்டு நகல் எடுக்கப்பட்டிருக்கலாம். உங்கள் பக்கம் வலுவாகிவிடும்.

எங்களுக்கு மூன்று பரிவர்த்தனை 07 என்று வந்தது. பின் இல்லாமல் தட்டி வாங்கும் வரம்பு 2021 ஜனவரி 1 முதல் 5,000 ரூபாய். மூன்று தொகையும் அதற்குக் கீழே இருந்தன. பின் எண்ணே போடாத பரிவர்த்தனைக்குப் பின் எண்ணைக் காரணம் காட்ட முடியாது. அதற்கும் மேலே இன்னொன்று இருந்தது. 2020 ஜனவரியில் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவின்படி, புதிதாகத் தரும் கார்டு இந்தியாவுக்குள் ஏ.டி.எம்.மிலும் கடை இயந்திரத்திலும் செருகிப் பயன்படுத்த மட்டுமே திறந்திருக்க வேண்டும். தட்டுவது, இணையத்தில் வாங்குவது, வெளிநாட்டில் பயன்படுத்துவது எல்லாம் வாடிக்கையாளர் கேட்டால்தான் திறக்க வேண்டும். அப்பாவின் கார்டு 2023-இல் வந்தது. அவர் எதையும் திறக்கவில்லை. ஒரே கேள்விதான் எழுதினோம்: "தட்டும் வசதியை யார், எந்தத் தேதியில், எந்த வழியில் திறந்தார்கள்?" கடைசி வரைக்கும் அதற்குப் பதில் வரவில்லை.

6. ஓம்பட்ஸ்மேன்

வங்கியில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது மறுத்துவிட்டார்கள், அல்லது அரைகுறையாகப் பதில் சொன்னார்கள் என்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம், அதாவது வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம், போகலாம். நேரே போனால் தள்ளுபடி செய்துவிடுவார்கள். முதலில் வங்கிக்கு எழுதிய ஆதாரம் வேண்டும். அதற்குத்தான் அந்த முத்திரை. தளம்: சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன். சந்தேகம் கேட்க 14448. தாளில் அனுப்புகிறவர்கள் சண்டிகர், செக்டார் 17-இல் உள்ள ரிசர்வ் வங்கியின் மையத்துக்கு அனுப்ப வேண்டும்.

கட்டணம் ஒரு பைசா கிடையாது. வக்கீல் மூலமாகப் போட்டால் ஏற்கமாட்டார்கள், ஆகவே "நான் முடித்துத் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பெற்றோருக்காக நீங்கள் போடுவதானால் அவர்கள் கையெழுத்திட்ட அங்கீகாரக் கடிதம் இணைக்க வேண்டும். அதே விஷயத்துக்கு நுகர்வோர் நீதிமன்றத்தில் ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தால் இங்கே எடுக்கமாட்டார்கள். இரண்டில் ஒன்றை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

நாங்கள் ஜூன் 20 அன்று போட்டோம். செப்டம்பர் நடுவில், தட்டிய மூன்றுக்குமான 14,400 ரூபாய் கணக்கில் ஏறியது. பின் போட்டு எடுத்த 20,000-க்கு வங்கி பக்கமே தீர்ந்தது. அப்பாவே அழுத்திய எண்ணை இன்னொருவன் பார்த்தது வங்கியின் குறை என்று எங்களால் காட்ட முடியவில்லை. கேமராப் பதிவு கிடைத்திருந்தால் ஒருவேளை மாறியிருக்கலாம். முதல் கடிதத்தில் அந்த வரியை நாங்கள் எழுதவில்லை, ஒரு மாதம் கழித்துத்தான் கேட்டோம். மேலே அதை அழுத்திச் சொன்னது இதனால்தான்.

7. நிறுத்தி வைத்த பணத்தை வாங்குவது

1930 மூலம் நின்ற 11,300 தானாகத் திரும்பி வரவில்லை. காவல் நிலையத்திலிருந்து அறிக்கை வாங்கி, குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. உத்தரவின் சான்றிட்ட நகலை, பணம் நிற்கும் வங்கிக்குக் காவல் நிலையம் அனுப்பும். வக்கீலுக்கு 3,000 ரூபாய் ஆயிற்று. டிசம்பர் இரண்டாம் வாரம் பணம் வந்தது. தொகை சிறியதாக இருந்தால் வக்கீல் செலவையும் இதையும் எடை போட்டுப் பாருங்கள். மனுவைப் போடுவதற்கு முன்னால், எந்த வங்கியில் எவ்வளவு நிற்கிறது என்று விசாரணை அலுவலரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் போய் ஒரு வாய்தா வீணானது.

மொத்தச் செலவு: வக்கீல் 3,000, புதுக் கார்டுக்கு ஜி.எஸ்.டி. சேர்த்து 236, நகல், தபால், பேருந்து எல்லாம் ஏறக்குறைய 900. எனக்கு ஆறு நாள் சம்பளம் போனது. இவ்வளவுக்கும் ஒரே கோப்பு போதும்: தேதி வரிசையில் எல்லாக் காகிதமும், மேலே ஒரு தாளில் எந்த நாள் யாரைப் பார்த்தோம் என்ற பட்டியலும்.

8. புதுக் கார்டு வந்ததும்

பின் மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். செயலியில், இணைய வங்கியில், அல்லது ஏ.டி.எம்.மிலேயே கார்டுக் கட்டுப்பாடு என்று ஒரு பகுதி இருக்கும். தட்டும் வசதி, இணையம், வெளிநாடு மூன்றையும் மூடுங்கள். வெளிநாட்டை முக்கியமாகச் சொல்கிறேன். பல வெளிநாட்டுத் தளங்களில் ஓ.டி.பி. கேட்காமலே பணம் எடுத்துவிட முடியும். ஒரு நாள் எடுக்கும் வரம்பை உங்கள் தேவைக்குக் குறையுங்கள். அப்பாவுக்கு 5,000 வைத்திருக்கிறோம். மஞ்சள் காசு வரும்போது பெரிய தொகை வேண்டுமானால் கிளையில் போய் எடுக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

கணக்கில் பதிந்த கைப்பேசி எண் யாருடையது என்று பாருங்கள். ஊரில் பாதிப் பெரியவர்களுக்கு மகனின் பழைய எண்ணோ, ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன எண்ணோதான் இருக்கிறது. குறுஞ்செய்தி வரவில்லை என்றால் பணம் போனதே தெரியாது. எண் மாற்ற ஆதார் நகலோடு கிளைக்கு ஒரு நடை போதும்.

கார்டின் முன்பக்கத்தில் ஒரு மூலையில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்கள், அல்லது பெர்மனன்ட் மார்க்கரால் ஒரு குறி போடுங்கள். சிப் மீதும் பட்டை மீதும் படக் கூடாது. பெயர் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தன் கார்டு எது என்று தெரிந்துவிடும். அப்பாவின் கார்டில் பச்சை வட்டம் இருக்கிறது. ஏ.டி.எம்.மை விட்டு வெளியே வரும் முன் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்.